பாலத்தில் முதலில் வந்தவர்

அத்தியாயம் ஒன்பது

விடியும் நேரத்தில்தான் குழந்தை அழுகையை நிறுத்தியது. நிறுத்தியது என்றுகூடச் சொல்ல முடியாது. களைத்துப்போய் விட்டுவிட்டது.

சியாவோமன் அதைத் தோளில் போட்டபடி சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே அம்மா யூலியான் அவித்த முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தூங்கிட்டாளா?"

"தூங்கல. தெம்பு தீர்ந்துபோச்சு."

"உனக்கா, அவளுக்கா?"

"யாருக்குன்னு கேட்டா எப்படிம்மா சொல்றது?"

அம்மா சிரித்தாள். சிரித்து வெகுநாளாகியிருந்ததால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது.

பொழுது சாய்ந்ததும் தொடங்கி விடிகிறவரை நீளும் அழுகை அது. நகரத்து டாக்டர் குழந்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். போன வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் மேகமனை ரிசார்ட்டிலிருந்து சீருடை போட்ட பெண்ணொருத்தி பாதாம் கேக் பெட்டியோடு வந்தாள். விருந்தினர்கள் மௌனம் காப்பதற்காகவே நெடுந்தொலைவிலிருந்து வருகிறார்களாம். சாயங்கால வேளைகளில் மட்டும் குழந்தையை வேறெங்காவது வைத்திருக்க முடியுமா என்று தேனாகக் கேட்டாள்.

"அவளுக்கு இன்னும் பேச வரல. வந்ததும் நீங்களே அவகிட்ட கேட்டுக்கோங்க" என்று சியாவோமன் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் அன்று முதல் பொழுது சாய்ந்தால் அம்மா ஜன்னல்களை அடைத்து, அவற்றின் மேல் கம்பளியும் தொங்கவிட்டாள். சியாவோமன் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள். வாய் வீரம் வாசலோடு முடிந்துவிடுகிறது, வீட்டுக்குள் பயம்தான் குடித்தனம் நடத்துகிறது என்று தனக்குள் நினைத்துக்கொண்டாள்.

அந்த ரிசார்ட்டில் இரண்டு வசந்தகாலம் தேநீர் பரிமாறியவள் அவள். வயிற்றோடு வீடு திரும்பியவள். குழந்தையின் தகப்பன் யார் என்று அம்மா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். பதில் வரவில்லை. பிறகு கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி வீட்டில் கூடுதலாக ஒரு ஆள் போலச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது.

"கிளம்பு. மலைக்குப் போறவங்க வர்றதுக்குள்ள போய் உக்காரணும்" என்றாள் அம்மா. "பெய்லின் சொன்னான், இன்னிக்கு நாள் நல்லாயிருக்காம். பாலத்துல தெற்கு முனையில உக்காரச் சொன்னான்."

"அண்ணனா சொன்னான்? இதெல்லாம் கிழவிங்க வேலைன்னு போன வாரம் சிரிச்சவனா?"

"மருமக மேல பாசம் வந்துடுச்சு. உனக்கேன் வயித்தெரிச்சல்?"

*

பாவ்பாவ் பிடிப்பது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். காரணமில்லாமல் அழுகிற குழந்தைக்கு, நோஞ்சான் குழந்தைக்கு, பிறந்த வீட்டு நிழல் போதவில்லை என்று பொருள். வெளியிலிருந்து ஒரு நிழலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். விடியற்காலையில் பாலத்தின் குறுக்கே ஒரு சிவப்பு நூலைக் கட்டி, பக்கத்தில் முட்டையும் கறித்துண்டும் அரிசி மதுவும் வைத்துவிட்டு மறைந்திருப்பார்கள். நூலை முதலில் தாண்டுகிறவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவார்கள்; அவர்தான் குழந்தைக்குப் பாவ்பாவ், காவல் உறவு. போலீஸ்காரரோ பிச்சைக்காரரோ, மாட்டேன் என்று சொல்லக் கூடாது. குழந்தைக்கு ஒரு வீட்டுப் பெயர் வைத்து, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு பட்டன், ஒரு கைக்குட்டை, எதுவானாலும் சரி. ஆள் தேடக் கூடாது, சொல்லி வைக்கவும் கூடாது. யாரென்று தெரியாமல் வருவதில்தான் அதன் பலமே இருக்கிறது.

பெய்லினுக்குச் சின்ன வயதில் மூன்று மாதம் விட்டு விட்டுக் காய்ச்சல். அப்போது நூலைத் தாண்டி வந்தவர் பன்றிகளுக்குக் காயடிக்கிறவர். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இனிப்பும் மதுவும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். தெருப் பையன்கள் பின்னாலேயே பன்றி மாதிரி உறுமிக்கொண்டு வருவார்கள். பெய்லின் வளர்ந்து, ரிசார்ட்டில் சாம்பல் நிறப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, விடியற்கால மௌன நடைக்கு விருந்தினர்களை அழைத்துப் போகிறவன் ஆன பிறகும் அந்த உறுமல் அவன் காதை விட்டுப் போகவில்லை. சியாவோமனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் இன்று காட்டிய அக்கறையை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தூக்கமில்லாத தலை எதையும் எதோடும் சேர்ப்பதில்லை.

இருவரும் பாலத்தின் தெற்கு முனையில் கற்பூர மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஏமெய் மலை முழுவதும் மூடுபனிக்குள் இருந்தது. ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மலையுச்சியில் வெள்ளை யானைமேல் அமர்ந்திருக்கும் போதிசத்துவரை நினைத்துக் கண்ணை மூடி, "வெள்ளை யானைச் சாமி, நல்ல ஆளா அனுப்பு. கறி சாப்பிடாதவங்களா இருந்தாலும் பரவாயில்ல" என்று முணுமுணுத்தாள்.

"விலாசம் குடுத்துப் பொருள் வாங்குற மாதிரி வேண்டுற."

"பேசாதடி. யாரோ வர்றாங்க."

வந்தது குரங்கு.

ஏமெய்க் குரங்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குட்டை வால், தடித்த கழுத்து, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் போன்ற நடை. இது கிழட்டு ஆண். இடது காதில் ஒரு துண்டு இல்லை. கையில் ஏதோ வெள்ளையாக வைத்திருந்தது. நூலுக்கு அருகில் வந்து நின்றது. நூலைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. பிறகு காலைத் தூக்கி நிதானமாகத் தாண்டிவந்து, கையிலிருந்ததைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு சிவப்பு முட்டையை எடுத்துக்கொண்டது.

வைத்தது ஒரு செருப்பு. ரிசார்ட்டில் அறைக்குள் போட்டுக்கொள்ளும் துணிச்செருப்பு. ஒற்றை.

"சூ! சூ! போ!" அம்மா மரத்துக்குப் பின்னாலிருந்து துள்ளி வந்தாள். குரங்கு கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து முட்டையை உரித்தது.

சியாவோமனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. தோளில் கிடந்த குழந்தை அந்தக் குலுக்கலில் கண் திறந்து பார்த்தது.

"சட்டையைப் பிடிம்மா! ஓடிடப் போறாரு உன் சம்பந்தி!"

"வாயைக் கழுவு. குரங்கெல்லாம் கணக்குல வராது."

"யார் வந்தாலும் வந்ததுதான்னு நீதான சொன்ன? மேலத்தெரு சிங்தாவோவுக்கு எருமை வந்துச்சே. இன்னிக்கும் அவரை எருமைன்னுதானே கூப்பிடறோம்?"

"எருமை வேற. எருமை உழைக்கும். இது திருட்டுப் பய."

"எங்க திருடிச்சு? செருப்பைக் குடுத்துட்டுத்தானே முட்டையை எடுத்துச்சு. கையில இருக்கறதைக் குடுக்கணும்னு சட்டம். குடுத்திருக்கு."

"சட்டம் பேசற முகரையைப் பாரு." அம்மா செருப்பைக் காலால் ஒதுக்கினாள். தட்டில் இன்னொரு முட்டையை வைத்து நூலைச் சரிசெய்தாள். "யாரும் பாக்கல. நாமளும் பாக்கல. வா, உக்காரு."

குரங்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

*

அடுத்து வந்தவர்கள் சத்தமில்லாமல் வந்தார்கள். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் வெளிறிய உடைகள் தெரிந்தன, பிறகு முகங்கள். மேகமனையின் மௌன நடை. முன்னால் பெய்லின்.

வழக்கமாக அவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கமே திரும்பி மூங்கில் காட்டுக்குள் போய்விடுவார்கள். இன்று பாலத்துக்கு வந்தார்கள். வடக்கு முனையில் பெய்லின் கையை உயர்த்தினான். வரிசை நின்றது. ஒரே ஒரு பெண்மணி மட்டும் நிற்காமல் பாலத்தில் ஏறினாள். பின்னால் தோல் பையோடு ஓர் உதவியாளப் பெண்.

கூ மேடம். ரிசார்ட்டின் சொந்தக்காரி.

சியாவோமனின் கை குழந்தையின் முதுகில் இறுகியது. இரண்டு வசந்தகாலம் இந்த அம்மாளுக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறாள். ஒருமுறைகூட அந்த அம்மாள் நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் மகன் யிமிங்தான் பார்த்தான். பார்த்துப் பார்த்து, பிறகு அம்மாவிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் செங்டு நகரத்துக்குக் காரில் போனான். வரவில்லை. அவன் வராத செய்தியை அவனே சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தேநீர் அறையில் தன் இடத்துக்கு வேறொருத்தி வேலைக்குச் சேர்ந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கூ மேடம் நூலைத் தாண்டினாள்.

அம்மா பாய்ந்து வந்து அவள் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். "வழியில வந்த மகராசியே, எங்க பிள்ளைக்கு நிழல் குடுங்க!" பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ, மேடமா! மன்னிச்சுடுங்க. ஆனா புடிச்ச கையை விடக் கூடாதுங்க. அதுதான் வழக்கம்."

"விட வேண்டாம்" என்றாள் கூ மேடம். மௌன நடையில் பேசக் கூடாது என்ற விதியை உண்டாக்கியவள் அவள்தான். "எனக்கு என்ன பாக்கியம். குழந்தை எங்கே?"

என்ன செய்கிறோம் என்று சியாவோமன் யோசிப்பதற்குள் அம்மா குழந்தையை வாங்கி அந்தக் கைகளில் வைத்துவிட்டாள். குழந்தை அழவில்லை. கூ மேடத்தின் கழுத்திலிருந்த மணிமாலையைப் பிடித்து இழுத்தது. கூ மேடம் அதை விலக்காமல் கழுத்தை இன்னும் தாழ்த்திக் கொடுத்தாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கைகளிலேயே விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கைகளுக்குப் பின்னால் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன, ஆயாக்கள் இருந்தார்கள், காற்று புகாத அறைகள் இருந்தன. எல்லாவற்றையும்விடத் தூக்கம் இருந்தது. ஒரு முழு இரவின் தூக்கத்துக்காகத் தன்னால் எதைக் கொடுக்க முடியும் என்று அவள் உடம்பு கணக்குப் போட்டதை அவள் மனம் எட்டி நின்று பார்த்து வெட்கப்பட்டது.

"கையில இருக்கறதைக் குடுத்தா போதுங்க" என்றாள் அம்மா. "ஒரு பட்டன் இருந்தாக்கூடப் போதும்."

கூ மேடம் தலையை அசைத்தாள். உதவியாளப் பெண் தோல் பையைத் திறந்தாள்.

வெள்ளிக் கிண்ணம் ஒன்று. சாப்பிடுவதற்கு ஒரு ஜோடி வெள்ளிக் குச்சிகள். மடிப்புக் கலையாத சிவப்புப் பட்டுச்சட்டை, ஐந்து மாதக் குழந்தைக்குத் தைத்தது. உயிர் நிலைக்கட்டும் என்று குழந்தையின் கழுத்தில் போடும், சங்கிலியில் கோத்த ஆயுள் பூட்டு. பாவ்பாவ் ஆகிறவர்கள் பிறகு நல்ல நாள் பார்த்து முறைப்படி வாங்கித் தரும் பொருள்கள், ஒன்றுகூட விடுபடாமல்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்தது அப்படியே நின்றது. பிறகு மெல்ல அணைந்தது.

டோஃபுக் கடை நடத்துகிறவள் அவள். கையில் சில்லறை இல்லாதவன் எப்படி நடந்து வருவான், திருப்பித் தராத எண்ணத்தோடு வருகிறவன் எப்படிச் சிரிப்பான் என்று நாள் முழுக்கப் பார்க்கிறவள். காற்று வாங்க நடக்கிறவர்கள் கிண்ணமும் குச்சியும் கொண்டுவருவதில்லை. அதுவும் அளவெடுத்துத் தைத்த சட்டையோடு.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் இடப்புருவத்தில் நடுவே முடி முளைக்காத சின்ன இடைவெளி இருந்தது. நிமிர்ந்து கூ மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயும் இடப்புருவத்தில் அதே இடத்தில் அதே இடைவெளி. ஒன்பது மாதமும் அதற்கு மேலும் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்குப் பதில் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு அவள் மகனைப் பார்த்தாள். வடக்கு முனையில் பெய்லின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சியாவோமன் முன்னால் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. மணிமாலையிலிருந்து சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து வாங்கிக்கொண்டாள்.

"மன்னிக்கணும் மேடம். முதல்ல வந்தவர் வந்துட்டுப் போயிட்டாரு."

"யார்?"

சியாவோமன் கைப்பிடிச் சுவரைக் காட்டினாள். குரங்கு முட்டையின் மஞ்சளை விரலால் நோண்டிக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்றவர்களில் ஷாங்காய்க்காரப் பெண்மணி ஒருத்தி, ஏழு நாள் மௌன விரதத்தில் இருப்பவள், "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விளையாடாதே" என்றாள் கூ மேடம் தாழ்ந்த குரலில். "குரங்கு ஒரு குழந்தைக்கு என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்யாது. அதனாலதான் பயமில்ல."

"நான் இவளுக்கு எல்லாம் செய்வேன். படிப்பு, வீடு, எல்லாமே. யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வழியில் கிடைத்த உறவு. ஊர் வழக்கம். யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை."

"உங்களுக்குச் சங்கடம் இல்ல."

கூ மேடம் கழுத்து மணிமாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இவ உங்களுக்கு யாருன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் சியாவோமன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மௌனத்துக்கென்றே செதுக்கிய அந்தக் காலையில் ஒவ்வொரு சொல்லும் வடக்கு முனைவரை போனது. "யிமிங்கோட அம்மான்னு சொல்லிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. கதவு திறந்துதான் இருக்கும். டோஃபு தர்றேன், தேநீர் தர்றேன், பிள்ளையை மடியில தர்றேன். ஆனா வழிப்போக்கரா வராதீங்க. சொந்த ரத்தத்துக்குப் பக்கத்துல வழிப்போக்கரா நிக்கறதுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. இன்னொருத்தர் வேண்டாம்."

"அவனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது" என்றாள் கூ மேடம். அப்போதுதான் அவள் முதலாளி போல் இல்லாமல், தூக்கம் கெட்ட ஒரு பெண் போலத் தெரிந்தாள். "அந்தக் குடும்பத்திடம் இதை இப்போது சொல்ல முடியாது. கொஞ்ச நாள் போகட்டும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் இவளுக்குப் பேர் இருக்கு. குரங்கு வச்சுட்டுப் போன பேர். ஹோவா."

குரங்குக்குட்டி என்று எங்கள் பேச்சில் அர்த்தம்.

கூ மேடம் அம்மாவிடம் திரும்பினாள். "நீங்கள் பெரியவர். நீங்களாவது சொல்லுங்கள். நூலைத் தாண்டியது நான்தானே?"

சியாவோமன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சடங்கு அம்மாவுடையது. குரங்கு கணக்கில் வராது என்று சொன்னவளும் அவள்தான். வெள்ளை யானைச் சாமிக்குப் பயந்தவள். ஜன்னலுக்குக் கம்பளி போட்டவள். பொழுது விடிந்தால் ரிசார்ட்டின் கண்ணெதிரில்தான் கடை திறக்க வேண்டும்.

அம்மா குனிந்து, ஒதுக்கிய செருப்பை எடுத்தாள். ஏப்ரனில் துடைத்தாள். பிறகு வெள்ளிக் கிண்ணத்தையும் குச்சிகளையும் பூட்டையும் பட்டுச்சட்டைக்குள் வைத்து, கசங்காமல் சுருட்டி, உதவியாளப் பெண்ணின் பைக்குள் தானே வைத்துப் பையை மூடினாள்.

"நீங்க ரெண்டாவது வந்தீங்க மேடம்" என்றாள். "நான் என் கண்ணால பாத்தேன்."

கூ மேடம் உதவியாளப் பெண்ணை முன்னால் போகச் சொல்லிக் கையசைத்தாள். திரும்பும்போது சியாவோமனுக்கு மட்டும் கேட்கும்படி, "அந்தக் கேக் பெட்டியை நான் அனுப்பவில்லை. அவள் அழும்போது நான் என் ஜன்னலைச் சாத்துவதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது சியாவோமனுக்குள் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டு நின்றது. கெட்டவர்களாக மட்டுமே இருக்கிறவர்களை எதிர்ப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள்.

*

மத்தியானம் பெய்லின் வீட்டுக்கு வந்தான். பட்டுச்சட்டை கையில் மடித்து இருந்தது. உடம்பில் பனியன்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க. திருப்தியா?"

அம்மா ஊறவைத்த சோயாவை அரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீதான் சொன்னியா அவங்ககிட்ட?" என்று கேட்டாள் சியாவோமன்.

"சொல்லாம? நீ வாயைத் திறக்க மாட்ட. எனக்குக் கண்ணு இருக்கு. அவன் காருக்குப் பின்னால நீ நின்ன நிலையைப் பாத்தவன் நான்."

"பாத்துட்டு அவனைப் போய்க் கேட்டியா?"

"கேட்டு?" அவன் குரல் உடைந்தது. "கேட்டு என்ன ஆகப் போகுது? நான் அவளுக்கு ஒரு வழி பண்ணினேன். யாருக்கும் தலைகுனிவு இல்லாத வழி. நான் நடந்த மாதிரி ஒரு காயடிக்கிறவனைக் கும்பிட்டுட்டு, தெருவே உறும உறும அவ நடக்கணுமா? நல்லா இரு. இப்ப உன் பொண்ணுக்குக் குரங்கு. புத்தாண்டுக்கு மரத்து மேல ஏறிப் போய்க் கும்பிடச் சொல்லு!"

அம்மா மாவுக் கையோடு திரும்பினாள். "டேய். அந்த மனுஷன் வந்த அன்னிக்கு ராத்திரிதான் உன் காய்ச்சல் இறங்குச்சு. சாமி அனுப்பினதோ, தானா இறங்குச்சோ, எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். அந்தாளு தெரியாம வந்தான். தெரிஞ்சு திட்டம் போட்டு வரல."

பெய்லின் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான். சியாவோமனுக்கு அவன்மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பன்றி உறுமலுக்கு நடுவே இனிப்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிற ஒரு பையனும் இருந்தான். அவனைத் தேற்றலாம். மன்னிக்க மட்டும் இன்று முடியாது.

"நீ அவளுக்கு நல்லதுதான் நினைச்சண்ணா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு மட்டும் உனக்குத் தோணல. அவங்களுக்கும் தோணல, உனக்கும் தோணல. நீங்க எல்லாரும் சேர்ந்து நல்லது பண்ற இடத்துல நான் எங்கயாவது இருந்தேனா?"

அவன் கையிலிருந்த பட்டுச்சட்டையை இன்னொரு மடிப்பு மடித்தான்.

அம்மா தன் அழுக்கு ஏப்ரனைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். "வேலை போனவன் சும்மா உக்காரக் கூடாது. மாவரைக்க ஆள் வேணும். எழுந்திரு. நாளைக்கு மேடம் வந்து டோஃபு கேட்டா மிளகாய் எண்ணெய் ஒரு கரண்டி கூடவே ஊத்து."

அவன் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஏப்ரனைக் கட்டினான்.

*

பாவ்பாவ் கொடுத்ததைத் தொட்டிலில் கட்ட வேண்டும். அது செருப்பே ஆனாலும்.

பொழுது சாயும் நேரத்தில் சியாவோமன் மிச்சமிருந்த சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மேல்துணியில் ஒரு தையல் தெளிந்துவந்தது.

கொக்கு. ஒற்றைக் காலில் நிற்கும் சின்னக் கொக்கு.

அவள் கை நின்றது.

விருந்தினர் அறைச் செருப்புகளில் மேகம்தான் தைத்திருக்கும். கொக்கு தைத்தது ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. மேலே, பைன் மரங்களுக்கு நடுவில், கூ குடும்பத்தின் சொந்தக் குடில். அங்கே கதவோரம் தினமும் இரண்டு ஜோடி எடுத்து வைத்தவள் அவள்தான். அம்மாளுக்குச் சின்னது. மகனுக்குப் பெரியது.

இது பெரியது. உள்துணி புதிது. ஒன்றிரண்டு நாள் போட்ட மடிப்புதான் விழுந்திருந்தது.

ஆக, அவன் செங்டுவில் இல்லை.

எத்தனை நாளாக? எத்தனை சாயங்காலமாக அங்கே உட்கார்ந்து இந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்? கேட்டுக்கொண்டே எப்படித் தேநீர் குடிக்கிறான்? நெஞ்சில் ஏதோ எழுந்தது. அது ஆசை இல்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஓடைக்கு அப்பால் மணி அடித்தது. மேகமனையின் மௌன வேளை. அதற்கென்றே காத்திருந்தது போலத் தொட்டிலில் ஹோவா காலை உதைத்து, முகம் சிவந்து, வீறிட்டு அழத் தொடங்கினாள்.

காவல் உறவு வந்தும் அழுகை நிற்கவில்லை. அம்மா ஒரு நொடி சோர்ந்தாள். பிறகு பழக்கம்போல ஜன்னல் பக்கம் போய்க் கம்பளியை எடுத்தாள்.

"வேண்டாம்மா."

"கேக்கும்டி அங்க."

"கேக்கட்டும்."

சியாவோமன் செருப்பை எடுத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கடையைத் தாண்டி, கற்பூர மரத்தைத் தாண்டி, பாலத்தின் நடுவில் போய் நின்றாள். காலையில் கட்டிய சிவப்பு நூல் இன்னும் குறுக்கே கிடந்தது. மேலே பைன் மரங்களுக்கு நடுவே குடில் இருட்டாக இருந்தது.

இத்தனை நாளும் தோளில் தட்டி, வாயில் விரல் வைத்து, உஷ் உஷ் என்று கெஞ்சித் தன் மகளின் குரலைத்தானே மூடிக்கொண்டிருந்ததை நினைத்தாள். இப்போது அவள் தட்டவில்லை. குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து, முகம் மலைப்பக்கம் இருக்கும்படித் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுடி என் ராசாத்தி" என்றாள். "நல்லா அழு. உன் சத்தம், உன் மலை."

ஹோவா அழுதாள். ஐந்து மாத நெஞ்சுக்குள் அவ்வளவு காற்று எங்கிருந்து வந்ததோ, அந்தக் குரல் ஓடையைத் தாண்டி, மூங்கில் காட்டைத் தாண்டி ஏறியது. ரிசார்ட்டின் கீழ்த்தளத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மேல்மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்தே இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா. அவளுக்குப் பின்னால் மாவுக் கையோடு பெய்லின். யாரும் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

பைன் குடிலில் விளக்கு எரிந்தது.

கதவு திறந்தது. ஓர் ஆள் படியில் வந்து நின்றான். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்துத் தோளைச் சற்றே தாழ்த்தி நிற்கும் அந்த நிலை அவளுக்குத் தெரியும்.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

சியாவோமன் செருப்பைக் கைப்பிடிச் சுவரின்மேல், கொக்கு மலைப்பக்கம் பார்க்கும்படி வைத்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "யாருன்னு அவங்களே இறங்கி வந்து சொல்லட்டும்."

மேலே அந்த ஆள் ஒரு படி இறங்கினான். பிறகு நின்றான். ஹோவா மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.